கைப்பைக்குள் அடித்த மணி

கிரேக்க நாட்டுத் தீவு ஒன்றின் மலை உச்சியில் ஒரு பழைய கிராமம். அங்கே இடுப்புயர வெள்ளைச் சுவரோரம் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே வெகுதூரத்தில், எங்களை அந்தத் தீவில் இறக்கிவிட்டது போன்ற ஒரு கப்பல் தீப்பெட்டி அளவில் போய்க்கொண்டிருந்தது. காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. என் வலது கை தானாகப் பைக்குள் போய் போனை எடுத்து, 'வீடு' என்று பதிந்து வைத்திருக்கும் எண்ணை அழுத்தியது.

எனக்குப் பின்னால் பதினைந்தடி தள்ளி மாதா கோயில் மணி அடித்தது.

அது கோயில் மணி இல்லை. என் மனைவி ஸ்டெல்லாவின் கைப்பைக்குள் இருந்த போன். எங்கள் ஊர்க் கோயில் மணியைப் பதிவு செய்து அதைத்தான் ரிங்டோனாக வைத்திருக்கிறாள். காபிக் கடை வாசலில் அவளுக்குப் பக்கத்து மேசையில் இருந்த வெள்ளைக்காரத் தம்பதி அண்ணாந்து அந்த ஊர்க் கோபுரத்தைப் பார்த்தார்கள். அங்கே மணி ஆடாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு மனைவிக்கே போன் போட்டிருக்கிறேன்.

இருபத்து மூன்று வருஷப் பழக்கம். துபாயில் கண்ணுக்கு அழகாக எது பட்டாலும் கை இதைத்தான் செய்யும். பாலைவனத்தில் மழை பெய்ததா, வீட்டுக்குப் போடு. கட்டடத்தின் மேல் நிலா வந்ததா, வீட்டுக்குப் போடு. மொட்டை மாடியில் ஏசி யூனிட்டுக்கு அடியில் புறா முட்டையிட்டிருந்ததைக்கூடக் காட்டியிருக்கிறேன்.

போன வாரம் கேம்ப் குளியலறை வரிசையைப் பற்றி எழுதியதைப் படித்த ஒரு வாசகர், "துபாயைத் தவிர வேறு ஊரே பார்த்ததில்லையா?" என்று கேட்டிருந்தார். பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு ஊர். அங்கே போனதும் முதலில் செய்தது இந்தக் கூத்து.

குலுக்கலில் விழுந்த தீவு

நான் ஏசி மெக்கானிக். துபாய் அல் குசைஸில் எங்கள் கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்ப் இருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை கேம்ப் முற்றத்தில் விழா நடக்கும். பிரியாணி, பாட்டு, கடைசியில் குலுக்கல். பரிசு என்றால் போர்வை, மிக்ஸி, அதிர்ஷ்டம் இருந்தால் டிவி. போர்வை எனக்கு மூன்று தடவை விழுந்திருக்கிறது.

அந்த வருஷம், கம்பெனி ஆரம்பித்து இத்தனை வருஷம் என்று ஏதோ ஒரு பெரிய நிறைவு. முதல் பரிசு, இரண்டு பேருக்குக் கிரேக்கத் தீவில் ஆறு நாள். மேடையில் என் பெயரைக் கூப்பிட்டபோது நான் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். கூட்டத்துக்கு முன்னால் போய் நிற்பது எனக்கு ஆகாது. பத்தாம் வகுப்பில் பரிசு வாங்கக் கூப்பிட்டபோதும் போகாமல் இருந்தவன்.

என் ரூம்மேட் முத்துப்பாண்டி, சிவகங்கைப் பக்கத்துக்காரன், முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே போனான்.

"ரெண்டு பேருக்காம்ண்ணே. என்னையக் கூட்டிட்டுப் போங்க. மதினி ஊர்லயே இருக்கட்டும். நாந்தான் உங்க குறட்டைக்குப் பழகுன ஆளு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவன் சொன்னதில் ஒரு விஷயம் உள்ளே போய்த் தைத்தது. முத்துப்பாண்டியோடு ஒரே அறையில் ஒன்பது வருஷம். ஸ்டெல்லாவோடு இருந்த நாள்களைக் கூட்டிப் பார்த்தால், வருஷத்துக்கு ஒரு மாத லீவு என்ற கணக்கில், இரண்டு வருஷம்தான் தேறும். நடுவில் மகள் ஜெனி பிறந்து, வளர்ந்து, நர்ஸாகி, பெங்களூருக்கும் போய்விட்டாள்.

ரினியூவா, கேன்சலா

பரிசு கிடைத்த அதே மாதம் இன்னொரு காகிதமும் வந்தது. விசா முடிகிறது. புதுப்பித்தால் இன்னும் இரண்டு வருஷம். இல்லையென்றால் கேன்சல். எங்கள் பேச்சில் 'கேன்சலில் போறான்' என்றால் ஒரேயடியாக ஊருக்குப் போகிறான் என்று அர்த்தம்.

சூப்பர்வைசர் நல்ல மனுஷர். இந்தியும் தமிழும் அரபியும் கலந்துதான் பேசுவார்.

"அருள் பாய், அவசரம் இல்ல. போயிட்டு வா. வந்த அன்னைக்குச் சொல்லு, ரினியூவா கேன்சலா. ஒரு கையெழுத்து, கலாஸ்." முடிந்தது என்பதற்கு அரபி.

எனக்கு முட்டி போய்க்கொண்டிருந்தது. ஆகஸ்டு மாத மொட்டை மாடியில் ஏணியில் ஏறி இறங்குகிற ஐம்பத்திரண்டு வயதுக்காரனுக்கு முட்டி போகாமல் இருக்குமா. போய்விடலாம் என்றுதான் மனசு சொன்னது. ஆனால் ஸ்டெல்லாவைக் கேட்காமல் எப்படி?

அங்கேதான் சிக்கல். கல்யாணமான புதிதில், ஒவ்வொரு போனின் முடிவிலும் அவள் ஒரு கேள்வி கேட்பாள். "எப்ப வாறிய?" நானும் ஏதாவது ஒரு மாதம் சொல்வேன். ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கேள்வி நின்றுபோனது. எந்த மாதம் நின்றது என்றுகூடத் தெரியவில்லை. ஒருநாள் போனை வைத்த பிறகுதான், இன்றைக்குக் கேட்கவில்லையே என்று நினைத்தேன். அப்புறம் அவள் கேட்கவே இல்லை.

முன்னறையில் இரண்டு தையல் மெஷின் போட்டு, இரண்டு பெண்களை வைத்து, ஊர் முழுக்க ரவிக்கை தைத்துக் கொடுக்கிறாள். அவளுக்கு என்று ஒரு நேரம், ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. அதில் நான் எங்கே உட்கார்வது? கேட்டு, அவள் ஒரு நொடி தயங்கிவிட்டால்? எனக்கு அந்த ஒரு நொடிதான் பயம்.

ஆறு நாள் இருக்கிறதே, ஏதாவது ஒரு நேரம் வாய்க்கும், கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன்.

கிரேக்கத்துக்கு ஒரு பெட்டி

கேம்பில் ஒருவன் ஊருக்குக் கிளம்பினால் அறையில் இருப்பவர்கள் கூடிப் பெட்டி கட்ட வேண்டும். அது சட்டம் மாதிரி. அட்டைப்பெட்டியில் சோப்பு, தைலம், பால் பவுடர், போர்வை எல்லாம் அடைத்து, டேப் சுற்றி, கயிற்றை வலை மாதிரி பின்னி, ஆறு பக்கமும் மார்க்கரில் பெயரும் ஊரும் எழுதுவார்கள். நான் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை வேலை முடிந்து வந்தால், என் கட்டில் மேல் கட்டிய பெட்டி இருந்தது.

"முத்து, நான் ஊருக்குப் போகலடே. கிரேக்கத்துக்குப் போறேன். அங்க யாருக்கு இத குடுக்க?"

"அட கொண்டு போங்கண்ணே. அங்கயும் மனுசங்கதான இருக்காங்க. யாராவது வாங்கிக்குவாங்க. வெறுங்கையோடயா போறது?"

மறுநாள் துபாய் விமான நிலையத்தில், ஊரிலிருந்து வரும் ஸ்டெல்லாவுக்காகக் காத்திருந்தேன். அவளுக்கு அதுதான் முதல் விமானப் பயணம். எப்போதும் நான் தள்ளுவண்டியோடு வெளியே வருவேன், அவள் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்பாள். இந்த முறை கம்பிக்கு வெளியே நான். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவள் வெளியே வந்தாள். அவள் தள்ளுவண்டியிலும் ஒரு பெட்டி. கயிறு கட்டி, ஆறு பக்கமும் என் பெயர்.

"என்ன இது?"

"முறுக்கு, கருவாடு, மாங்கா ஊறுகா. முத எடுத்த எடுப்புல என்னன்னு கேக்கிய. மெலிஞ்சிட்டிய."

ஒவ்வொரு லீவிலும் அவள் சொல்வது அது. நான் பதிலுக்கு ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்கலாம். "பிளைட்டுல சோறு போட்டானா?" என்று கேட்டேன்.

கருவாடு முத்துப்பாண்டிக்குப் போனது. அவன் கட்டிய பெட்டி எங்களோடு கிரேக்கத்துக்கு வந்தது. துறைமுகத்தில், சக்கரம் வைத்த சூட்கேஸ்களுக்கு நடுவே, கயிறு கட்டிய அட்டைப்பெட்டியைத் தோளில் வைத்து இறங்கிய ஒரே ஆள் நான்தான். ஹோட்டலில் இருந்த பெண், பெட்டியில் எழுதியிருந்ததை ஊர் பின்கோடு வரைக்கும் நின்று பார்த்தாள்.

மூன்று நாள் பேசியது

தீவின் பெயரை எழுதலாம் என்று பார்க்கிறேன், தமிழில் எப்படி எழுதினாலும் தப்பாக வருகிறது. விட்டுவிடுகிறேன்.

முதல் மூன்று நாள் நானும் ஸ்டெல்லாவும் கடற்கரையில் நடந்தோம், கேம்பிலிருந்து கொண்டு போன ரைஸ் குக்கரில் ஹோட்டல் அறையிலேயே சோறு வைத்து ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டோம். துறைமுகத்தில் கயிற்றில் காயப்போட்டிருந்த கணவாய் மீனை அவள் விரலால் அழுத்திப் பார்த்து, "இன்னும் ஒரு நாள் காயணும்" என்றாள். பேசியதெல்லாம் இப்படித்தான். தண்ணீர் சூடாக வருகிறதா, ஜெனி பேசினாளா, செருப்பு கடிக்கிறதா.

போனில் ஒரு மணி நேரம் பேசுவோம் நாங்கள். நேரில் அந்தப் பேச்சு வரவில்லை. அவள் முகம் பக்கத்தில் இருந்தால் எனக்கு வார்த்தை நின்றுவிடுகிறது. இது கல்ஃபில் இருக்கும் பல பேருக்கு உண்டு. வெளியே சொல்வதில்லை.

ஆக, நாலாவது நாள் வந்தபோது காகிதத்தைப் பற்றி நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் கப்பல், ஆறாம் நாள் விமானம்.

அன்றைக்குத்தான் மலை மேல் இருக்கும் கிராமத்துக்குப் பஸ்ஸில் போனோம்.

ஏசி இல்லாத ஊர்

பஸ் பாதி மலையில் இறக்கிவிட்டுவிடும். அதற்கு மேல் படி. வண்டி போக வழி கிடையாது. அந்தக் காலத்தில் கடல் கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து உச்சியில் கட்டிய ஊராம். வெளி வரிசை வீடுகளின் முதுகுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, அதுவே கோட்டைச் சுவராக நிற்கிறது. உள்ளே இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒதுங்கவேண்டிய அளவு சந்து. தரையில் பாவிய கல்லுக்கு நடுவே கோடு கோடாக வெள்ளையடித்திருந்தார்கள். எங்கள் ஊரில் வீட்டு முற்றத்தில் வளரும் அதே காகிதப்பூ, வாசலுக்கு வாசல். படிக்கு ஒரு பூனை.

நான் பார்த்தது சுவரைத்தான். முழங்கை நீளத்துக்குக் கனம். சிறிய ஜன்னல். உள்ளங்கையை வைத்தால் கல் குளிர்ந்திருந்தது. ஒரு வீட்டுக்கும் வெளியே ஏசி யூனிட் இல்லை.

"இந்த ஊர்ல நான் இருந்தா பட்டினிதான்" என்றேன்.

"எனக்கு இருக்கு வேல" என்றாள் ஸ்டெல்லா. ஒரு வாசலில் தொங்கிய திரைச்சீலையின் ஓரத்தைத் திருப்பித் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கையாலதான் தைச்சிருக்காவ. ஆனா நூலு மட்டம்."

அவள் முன்னால் ஏறினாள், நான் பத்தடி பின்னால். எங்களுக்குச் சேர்ந்து நடந்து பழக்கமில்லை. ஊரில் கோயிலுக்குப் போனால் அவள் பெண்களோடு, நான் ஆண்களோடு. கறுப்புடை உடுத்த ஒரு வயதான அம்மா காய்கறிப் பையோடு எங்கள் இரண்டு பேரையும் தாண்டிப் போனார். மூச்சுகூட வாங்கவில்லை.

"அவியள பாத்துக்கிடுங்க. உங்கள மாதிரி படிக்குப் படி நின்னா ஏறுதாவ?"

"நான் ஊரப் பாத்துக்கிட்டு ஏறுதேன்."

"ஆமா, ஊர."

உச்சியில் ஒரு சிறிய கோயில். உள்ளே போனோம். மெழுகுதிரி வாசனையும் கல்லின் ஈர வாசனையும். சுரூபம் என்று சிலை எதுவும் கிடையாது. மாதா படம்தான், அதைச் சுற்றி வெள்ளித் தகட்டில் செய்த சின்னச் சின்னக் கை, கால், கண்கள் நூலில் கட்டித் தொங்கின. யாரும் எங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் கடற்கரைக் கோயில்களிலும், நோய் தீர வேண்டிக்கொண்டு போடும் இதே தகடு, இதே நேர்ச்சை.

ஸ்டெல்லா வெகு நேரம் ஒரு வெள்ளிக் காலையே பார்த்தாள்.

"தெரிஞ்சிருந்தா உங்க முட்டுக்கு ஒண்ணு கொண்டு வந்திருக்கலாம்."

"என் முட்டுக்கென்ன?"

"படியேறும்போது கையூணி ஏறுதிய. நான் திரும்பிப் பாக்கலன்னு நெனச்சியளா?"

முட்டிவலியை நான் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. அந்த இடத்தில் கேட்டிருக்க வேண்டும். காகிதம் நாக்கு நுனிக்கு வந்தது. அப்போது வழிகாட்டியோடு ஒரு கூட்டம் உள்ளே வந்தது. வெளியே வந்துவிட்டோம்.

சொட்டு

கோயிலுக்கு எதிரே சின்னச் சதுக்கம், அதில் ஒரு காபிக் கடை. உள்ளே ஒரு மேசை, வெளியே நாலு மேசை. வெயிலுக்குப் பயந்து உள்ளே உட்கார்ந்தோம். என்னை ஒத்த வயதுள்ள ஓர் அம்மா, ஏப்ரன் கட்டியவர், காபி கொண்டுவந்து வைத்தார்.

டப்.

சத்தம் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஊரிலேயே இருந்த ஒரே ஏசி அந்தச் சுவரில். அதன் மூக்கிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி.

டப்.

"என்னத்தப் பாக்கிய?"

"தண்ணி சொட்டுது."

"அது அவிய கட. சொட்டிட்டுப் போவுது. காபியக் குடிங்க."

டப். குடிக்க முடியவில்லை. எழுந்தேன். கடைக்கார அம்மா ஓடிவந்து மேசையை வாளியிலிருந்து தள்ளிப் போட்டார், நனைந்துவிடுவேனோ என்று நான் கவலைப்படுவதாக நினைத்துவிட்டார். நான் தலையாட்டி, "மாஃபி முஷ்கில், மாஃபி முஷ்கில்" என்றேன். பிரச்சினை இல்லை என்பதற்கு துபாய் அரபி. வெளிநாட்டுக்காரர் யாரைப் பார்த்தாலும் என் வாயில் அரபியோ இந்தியோதான் வரும். அவர் புரியாமல் ஸ்டெல்லாவைப் பார்த்தார். ஸ்டெல்லா என்னைக் காட்டி, திருகாணி முறுக்குவது போல் கையை ஆட்டினாள்.

தண்ணீர் போகும் பைப் சுவரைத் துளைத்துப் பின் சந்துக்கு வந்து முடிந்திருந்தது. முனையில் பாசி. குச்சியால் குத்திப் பார்த்தேன், அடைப்பு இன்னும் உள்ளே. டூல்ஸ் பை கையில் இல்லை. மண்டியிட்டு, பைப்பை வாயில் வைத்து, நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் சேர்த்து ஊதினேன். ஒன்று. இரண்டு. மூன்றாவது ஊதலில் உள்ளே ஏதோ அசைந்தது. வாயை எடுப்பதற்குள் ஒரு வருஷத்துச் சகதி முகத்திலும், இந்தப் பயணத்துக்கென்று ஸ்டெல்லாவே தைத்துக் கொண்டுவந்திருந்த வெள்ளைச் சட்டையிலும் அடித்தது. பின்னாலேயே தெளிந்த தண்ணீர் கொட்டியது.

நிமிர்ந்தால், சந்து முனையில் ஸ்டெல்லா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. சட்டைக்காகத் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை.

உள்ளே போய் ஃபில்டரையும் கழற்றிக் கழுவி மாட்டினேன். சொட்டு நின்றுவிட்டது. "கலாஸ்" என்றேன். கடைக்கார அம்மாவும் "கலாஸ்" என்றார், கை தட்டினார். முதல் காபியை எடுத்துவிட்டுப் புதுக் காபி, வெளியே நல்ல மேசை, ஒரு குட்டித் தட்டில் சர்க்கரைப் பாகில் ஊறிய பழம், பக்கத்தில் கரண்டியும் குளிர்ந்த தண்ணீரும். அந்த ஊரில் விருந்தாளிக்கு அப்படித்தான் வைப்பார்களாம்.

முத்துப்பாண்டி பெட்டியிலிருந்து ஸ்டெல்லா தன் கைப்பையில் எடுத்துப் போட்டிருந்த தைலப் புட்டி ஒன்றை அவருக்குக் கொடுத்தாள். அவர் முகர்ந்து பார்த்து நெற்றியில் தேய்த்துக்கொண்டார். அவன் சொன்னது சரிதான், வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது.

கல்ஃப்காரனுக்கு இன்னொரு வியாதி உண்டு. எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் முதலில் வைஃபை பாஸ்வேர்டு. அந்த அம்மா ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். என் போனிலும் ஸ்டெல்லா போனிலும் போட்டுவிட்டு, சட்டையைக் காற்றில் காயவிடலாம் என்று சுவரோரம் போய் நின்றேன்.

கீழே அந்தக் கப்பல். கை பைக்குள் போனது. மணி அடித்தது.

"நான்தான்"

வெட்கத்தில் போனை வைத்துவிடப் பார்த்தேன். ஸ்டெல்லா போனை எடுத்து, திரையைப் பார்த்து, என்னையும் பார்த்து, காதில் வைத்துக்கொண்டாள்.

"ஹலோ."

"நான்தான்."

"தெரியுது. சொல்லுங்க."

என்ன சொல்வது? வழக்கமாகக் கேட்பதே வந்தது.

"சாப்பிட்டியா?"

"உங்ககூடதான சாப்பிட்டேன்."

"ஜெனி பேசினாளா?"

"காலையில பேசினா. பக்கத்துலதான் இருந்திய."

"மழை உண்டுமா?"

அவள் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். "ஊருலயா, இங்கயா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது, போனில் கேட்டது. இந்த மூன்று கேள்வியும் முடிந்துவிட்டால் அப்புறம் எங்களுக்குப் பேச்சு தானாக வரும். எத்தனை வருஷத்துப் பழக்கம். நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஆபீஸ்ல ஒரு பேப்பர் கெடக்கு. விசாவ ரினியூ பண்ணவா, கேன்சல் பண்ணவான்னு கேக்காவ."

"நீங்க என்ன சொன்னிய?"

"ஒங்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்னு."

"இத்தன வருசமா எங்கிட்ட கேட்டா ரினியூ பண்ணினிய?"

"இல்ல." காற்று போனுக்குள் இரைந்தது. "நீயும் இப்பல்லாம் எப்ப வாறியன்னு கேக்கதில்ல."

அவள் உடனே பேசவில்லை. நான் பயந்த அந்த நொடி அதுதான். எண்ணிக்கொண்டே நின்றேன்.

"கேட்டா உங்க கொரலு எறங்கிப் போவும்" என்றாள். "அதுக்கப்புறம் ரெண்டு நாளு ஒழுங்காப் பேச மாட்டிய. டூட்டில ஏணிமேல நிக்கிற ஆளு, எதுக்குன்னு விட்டுட்டேன்."

நான் என்னென்னவோ நினைத்திருந்தேன். இதை நினைக்கவில்லை.

"அப்ப வரட்டுமா?"

"எனக்குப் பயமா இருக்கு."

"என்னத்துக்கு?"

"முப்பது நாளைக்குத்தான் உங்கள எனக்குத் தெரியும். மீனு வாங்குவேன், கோழி அடிப்பேன், நீங்க நாற்காலில உக்காந்து ரோட்டப் பாப்பிய. விருந்தாளி மாதிரி. முப்பத்தோராம் நாளு உங்கள வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?"

"நீதான் ஒண்ணையும் தொட விடமாட்ட. போன லீவுல மெஷின் மோட்டார் சத்தம் போட்டுச்சு, நான் எந்திரிச்சேன். லீவுல வந்த ஆளு உக்காருங்கன்னுட்டு பஜார்ல இருந்து ஆளக் கூட்டிட்டு வந்த."

"நீங்க வேல செய்து நான் பாத்ததில்லல்லா. இன்னைக்குத்தான் பாத்தேன்."

"அது சின்ன வேல."

"மூஞ்சி பூரா சகதி. அப்படி ஒரு சிரிப்பு சிரிச்சிய. கல்யாண ஆல்பத்துலகூட அப்படி இல்ல."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் பேச்சு நின்றுவிடும்.

இறக்கம்

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கடைக்கார அம்மா காசு வாங்க மாட்டேன் என்று கையை ஆட்டினார். ஸ்டெல்லா போனைக் காதில் வைத்தபடியே எழுந்தாள்.

"போன வைக்கட்டா?" என்றேன்.

"எதுக்கு? பேசிக்கிட்டே எறங்குங்க. முட்டு கவனம், சுவரப் பிடிச்சுக்கிடுங்க."

அவள் முன்னால், நான் பத்தடி பின்னால். இரண்டு பேர் காதிலும் போன். எதிரே வந்தவர்கள், யாரோ தூரத்தில் இருக்கும் சொந்தக்காரர்களோடு இவர்கள் தனித்தனியாகப் பேசுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

அவள் குரல் காதில், முதுகு கண்ணில்.

"மெஷின முன்னறையில இருந்து நகத்த மாட்டேன்."

"நகத்த வேண்டாம்."

"தெனமும் மீனு கெடையாது. வாரத்துல ரெண்டு நாளு. மத்த நாளு ரசம்தான்."

"சரி."

"அந்தப் பொட்டப்பிள்ளைய தைக்கும்போது அங்கன வந்து உக்காந்து ரோட்டப் பாக்கப்பிடாது."

"சரி."

"கடைசித் தடவ வரும்போது பெட்டி கட்டிட்டு வராதிய. உங்க டூல்ஸ் பையக் கொண்டாங்க, போதும்."

முதல் வளைவைத் தாண்டினோம். ஒரு பூனைக்கு வழிவிட்டு ஒதுங்கினேன்.

"அப்புறம் முப்பத்தோராம் நாளு காலையில எந்திரிச்ச உடனே என்ன செய்யணும்னா, மொதல்ல அந்த…"

குரல் நின்றுவிட்டது.

திரையைப் பார்த்தேன். கடையின் வைஃபை அதோடு முடிந்திருந்தது. முன்னால் ஸ்டெல்லா "ஹலோ, ஹலோ" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, படியில் நின்றாள். நானும் நின்றேன். நடுவில் பத்துப் படி.

அவள் திரும்பினாள். நான் ஒவ்வொரு படியாக இறங்கி வரும்வரை நின்றாள். பக்கத்துப் படிக்கு வந்ததும், என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"மெஷின் பெல்ட்டு தேஞ்சி கெடக்கு. அத மாத்தணும்."

"என்ன சைஸு?" என்று கேட்டேன்.

அவள் போனைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்து அளவு காட்டினாள்.